சுஜித் தெருவுக்குப் போய்வந்த கட்டா

கராத்தேயில் எதிராளி இல்லாமல் தனியாகச் செய்து பழகும் அசைவுக் கோவைக்குக் கட்டா என்று பெயர். அவற்றில் ஒன்றான நைஹாஞ்சியைச் செய்து முடிக்க ஒரு திண்ணை போதும். முன்னால் பாய்வதில்லை, பின்வாங்குவதில்லை, சுழன்று திரும்புவதும் இல்லை. காலைத் தாண்டிக் கால் வைத்து ஒரே கோட்டில் வலப்புறம் போய், அதே கோட்டில் இடப்புறம் வர வேண்டும். நடுவே இழுப்பது போலவும் இடிப்பது போலவும் சில கை அசைவுகள். ஒரு நிமிடம்கூட ஆகாது. கராத்தே தெரியாதவர் பார்த்தால், “இதை வைத்துக்கொண்டு யாரை அடிப்பது?” என்று கேட்பார். கராத்தே தெரிந்தவர்களும் நூறு வருஷமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்ற இந்தச் சந்தேகம் எல்லாக் கட்டாக்களின் மேலும் உண்டு. ஆனால் நைஹாஞ்சிக்கு மட்டும் ஒரு தனிப் பெருமை. கராத்தே வரலாற்றில் தெருச்சண்டைக்குப் பேர்போன ஒரு மனிதர் வேறு கட்டாக்களை ஒதுக்கிவிட்டு இதைக் கட்டிக்கொண்டு அழுதார். அவரிடம் வருவதற்கு முன்னும், அவரைத் தாண்டிய பின்னும் இது போன ஊர்களைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் எங்கே முளைத்தது என்பது தெரியும்.

இதன் பிறப்பைப் பற்றிக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆடும் படகில் நின்று சண்டை போடுவதற்காக அமைத்தார்கள் என்பார்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பவன் பக்கவாட்டில்தானே நகர முடியும், அதற்காக என்பார்கள். குதிரை மேல் இருப்பவனுக்கு என்றும் ஒரு கதை. எனக்கு மூன்றுமே ஒப்பவில்லை. கையை எட்டிப் பிடித்துவிட்ட எதிரி, பிடித்த கையோடு ஒரு பக்கத்தில் நிற்கிறான் என்று வைத்துக்கொண்டால், இந்தக் கோட்டுக்குப் படகும் தேவையில்லை, சுவரும் தேவையில்லை.

கதைகளை விட்டுவிட்டுப் பேர் தெரிந்த ஆட்களிடம் வந்தால், முதலில் நிற்பவர் மாட்சுமுரா சோகோன். ஓகினாவாத் தீவுகள் ரியூக்யூ என்ற தனி நாடாக இருந்த காலத்தில் ஷூரி அரண்மனையில் மன்னர்களுக்குக் காவலராக இருந்தவர். காவலர் வேலையில் மைதானச் சண்டை கிடையாது. யாராவது நெருங்குவான், சட்டையைப் பிடிப்பான், கத்தியை உருவப் பார்ப்பான். எல்லாம் ஒரு கை தூரத்தில் நடந்து முடிந்துவிடும். நைஹாஞ்சியின் அசைவுகளில் நீளமான குத்தோ உயரமான உதையோ ஏன் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

1879-இல் ஜப்பான் அந்த நாட்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. மன்னர் போனார், மன்னரை நம்பியிருந்த ஷூரியின் உயர்குடிப் பிழைப்பும் போனது. காவல் காக்க அரண்மனை இல்லாத காலத்தில் கட்டாவுக்கு வேறு வேலை தேட வேண்டியிருந்தது. தேடிக் கொடுத்தவர் இதோசு அங்கோ. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கராத்தேயைப் பள்ளிக்கூட உடற்பயிற்சியில் நுழைத்தவர் அவர்தான். 1908-இல் அவர் எழுதிய பத்து அம்சக் கடிதம், பிள்ளைகளுக்கு உடல் உறுதி வரும், பின்னாளில் படைக்கு ஆகும் என்று அதிகாரிகளிடம் வாதாடுகிறது. நைஹாஞ்சியின் இரண்டாம், மூன்றாம் பகுதிகளும் அவர் கைவண்ணம் என்பதே பொதுவான கருத்து.

முற்றத்தில் வரிசையாக நிற்கும் ஐம்பது பையன்களுக்கு, எதிராளியின் கழுத்தைப் பிடித்து முழங்கையால் முகத்தை இடிக்க யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். எண்ணிக்கை சொன்னால் எல்லாரும் ஒன்றாகக் கையை நீட்டி மடக்க வேண்டும், அவ்வளவுதான். அசைவு அப்படியே நின்றது, அதற்கான விளக்கம் மெல்ல நழுவியது. இதோசுவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடம் இல்லாமல் போயிருந்தால் கட்டாவே நமக்குக் கிடைத்திருக்காது.

இந்தச் சமயத்தில்தான் மோட்டோபு சோகி வருகிறார்.

1870-இல் ஷூரியில் பிறந்தவர். அரச குடும்பத்தின் ஒரு கிளையான மோட்டோபு வீட்டின் மூன்றாவது மகன். குடும்பத்தின் போர்க்கலை மூத்த மகனுக்குத்தான் போகும், மூன்றாவது மகனுக்கு அதில் பங்கில்லை. சோகி வெளியே தேடினார். இதோசுவிடம் போனார், தொமாரி ஊரின் மாட்சுமோரா கோசாக்குவிடமும் போனார். கற்றதைப் பரீட்சை பார்க்க நாஹா நகரத்தின் சுஜி என்ற கேளிக்கைத் தெருவுக்கும் போனார். அங்கே இரவில் வலியப் போய்ச் சண்டைக்கு இழுப்பது அந்தக் காலத்து இளைஞர்களிடம் இருந்த ஒரு வழக்கம். பாய்ச்சலும் ஏற்றமும் பார்த்து ஊர் அவருக்குக் குரங்கு என்று பட்டப்பெயர் வைத்தது. பெரிய இடத்துப் பிள்ளை இப்படித் தெருவில் திரிவது பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் மற்றவர்கள் செய்யாத ஒன்றை அவர் செய்தார். கட்டாவைத் தெருவுக்குக் கொண்டுபோனார், தெருவில் பட்டதைக் கட்டாவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அவருக்கு நைஹாஞ்சியைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்று போட்டியாளர்கள் கேலி பேசினார்கள். வேறு கட்டாக்களும் தெரியும் என்கிறது அவர் வழி வந்த குடும்பம். எப்படியானாலும், அவர் அழுத்திச் சொன்னதெல்லாம் நைஹாஞ்சியைப் பற்றித்தான். அந்த நிலையில் நின்று உடம்பை இடமோ வலமோ திருப்பினால் அதுவே சண்டைக்கு நிற்கும் நிலை என்பது அவர் கொள்கை. இரண்டு கைகளும் எப்போதும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் பக்கத்தில் இருக்க வேண்டும், தடுத்த கையே அடிக்க வேண்டும், ஒன்று வேலை செய்யும்போது மற்றது சும்மா இருக்கக் கூடாது என்றும் வற்புறுத்தினார். தம்பதிக் கைகள் என்று அதற்குப் பெயர்.

இதை அருகில் போய்ப் பார்க்கலாம். கட்டாவில் வலது கையை விரித்துப் புறங்கையால் பக்கத்தில் நீட்டுவார்கள், உடனே இடது முழங்கை வந்து அந்த உள்ளங்கையில் அறையும். தனியாகச் செய்தால் தன் கையைத் தானே இடித்துக்கொள்ளும் வேடிக்கை. அந்த உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரு தலையை வைத்துப் பாருங்கள், நீட்டிய கை பிடரியைப் பிடித்து இழுத்திருக்கிறது என்பது புரிந்துவிடும். அடுத்து இரண்டு முஷ்டிகளும் இடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. வகுப்பில் இதைத் ‘தயார் நிலை’ என்று சொல்லிக் கடந்துபோவார்கள். சண்டையில் இடுப்பில் கையை அடுக்கி வைத்துக்கொண்டு தயாராக நிற்பவன் உதை வாங்குவான். எதிராளியின் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் இடுப்புக்கு இழுத்தால் கைகள் அங்கேதான் வந்து நிற்கும். இழுத்த கை இழுத்தபடியே இருக்க, மறு கை மார்பை ஒட்டி வளைந்து குத்துகிறது. குத்து போகும் தூரம் குறைவுதான். ஆனால் எதிராளி இழுபட்டு அதை நோக்கி வந்துகொண்டிருக்கிறான்.

பாதத்தை எதிர்த் தொடை வரை தூக்கித் திரும்ப ஊன்றும் அசைவு ஒன்றும் உண்டு. உதையிலிருந்து காலைத் தப்புவிப்பது என்று சிலர் சொல்வார்கள். கைகலப்பில் இருக்கும்போது அதே அசைவு எதிராளியின் உள் முழங்காலைத் தட்டிவிடும். பயிற்சிச் சண்டையில் இதை யாரும் அனுமதிப்பதில்லை, முழங்கால் போனால் போனதுதான்.

1920-களின் தொடக்கத்தில் ஒசாகாவில் குடியிருந்த மோட்டோபு, கியோத்தோவில் நடந்த ஒரு பந்தய நிகழ்ச்சிக்குப் போனார். வெளிநாட்டுக் குத்துச்சண்டைக்காரர் ஒருவர் வந்தவர்களை எல்லாம் சமாளித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய மோட்டோபு மேடையேறி, தலையில் விழுந்த அடியில் அவரைச் சாய்த்தார். 1925-இல் ‘கிங்கு’ என்ற பெரும் விற்பனை இதழ் இதைக் கதைபோல எழுதியது. மோட்டோபு ஜப்பான் முழுக்கப் பேசப்பட்டார். ஆனால் கட்டுரைக்கு வரைந்த சித்திரத்தில் இருந்த முகம் மோட்டோபுவுடையது அல்ல, ஃபுனாகோஷி கிச்சினுடையது. இருவருக்கும் ஏற்கெனவே ஒத்துப்போகாது. இது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று.

ஃபுனாகோஷியும் இதோசுவின் மாணவர்தான். நைஹாஞ்சியின் மூன்று பகுதிகளுக்குமாகப் பத்து ஆண்டு செலவழித்ததாகத் தானே எழுதியவர். பள்ளி ஆசிரியர், கவிதை எழுதுபவர், சண்டை என்றால் ஒதுங்குபவர். 1922-இல் டோக்கியோவில் கல்வி அமைச்சகம் நடத்திய கண்காட்சிக்கு வந்தவரை ஜூடோவின் தந்தை கானோ ஜிகோரோ தன் கோடோகான் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்தார். அங்கே ஃபுனாகோஷி குஷான்கு கட்டாவைச் செய்து காட்டினார். உடன் வந்த இளைஞர் கிமா ஷின்கின் செய்தது நைஹாஞ்சி. தலைநகரத்தின் பெரிய வாசலில் அது அப்படித்தான் காலடி வைத்தது.

கட்டா சண்டைக்கு உதவுமா என்ற கேள்வி அன்று பார்த்துக்கொண்டிருந்த கானோவுக்கும் புதிதல்ல. ஜூடோவில் கட்டாவும் உண்டு, கட்டுப்பாடில்லாத மல்லுக்கட்டும் உண்டு. முன்னது இலக்கணம், பின்னது கட்டுரை எழுதுவது என்பது அவர் பார்வை. இரண்டில் எதையும் அவர் கைவிடவில்லை. கராத்தேக்கு அந்தச் சமநிலை வாய்க்கவில்லை. ஃபுனாகோஷியிடம் கற்ற டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டா மட்டும் போதாது என்று முகக்கவசம், மார்புக்கவசம் மாட்டிக்கொண்டு மோதிப் பார்த்தார்கள். 1920-களின் இறுதியில் ஆசிரியர் அங்கிருந்து விலகிக்கொண்டார். பையன்கள் பக்கம்தான் என் சாய்வு. அடி விழுமா விழாதா என்று தெரியாமல் எத்தனை வருஷம்தான் காற்றைக் குத்துவது?

டோக்கியோவில் கட்டாவின் பெயரும் மாறியது, உடம்பும் மாறியது. 1935-இல் ஃபுனாகோஷி வெளியிட்ட நூலில் அது டெக்கி. ஓகினாவாவில் தோளகலத்தை ஒட்டி நின்ற கால்கள், அவர் மகன் கிகோவின் காலத்தில், ஷோடோகான் என்ற அவர்கள் பள்ளியில் அகன்று தாழ்ந்து குதிரைமேல் அமர்ந்தது போல விரிந்தன. தொடைக்கு நல்ல பயிற்சி, படத்துக்கும் எடுப்பு. ஆனால் அத்தனை அகலத்தில் நின்றுகொண்டு எதிராளியோடு சேர்ந்து நகர முடியாது. மோட்டோபு 1932-இல் வெளியிட்ட புத்தகத்தில் நைஹாஞ்சியைத் தானே செய்து படம் பிடித்துப் போட்டிருக்கிறார். அந்தப் படங்களையும் இன்றைய டெக்கியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கட்டா என்று நம்பவே ஒரு கணம் ஆகும்.

இருவரிடமும் படித்தவர் ஓட்சுகா ஹிரோனோரி. 1934-இல் வாடோ-ரியூ பள்ளியைத் தொடங்கியபோது நைஹாஞ்சியை அவர் குறுகிய நிலையிலேயே வைத்துக்கொண்டார். நைஹாஞ்சி கொரியாவுக்கும் போனது. ஃபுனாகோஷியின் மாணவர் லீ வோன்-குக் 1944-இல் சியோலில் பள்ளி திறக்க, அங்கே அது சோல்கி ஆயிற்று. பின்னால் டேக்வாண்டோ தன் சொந்த வடிவங்களை அமைத்துக்கொண்டு பெரும்பாலும் அதை வழியனுப்பிவிட்டது.

கட்டாவின் மதிப்பைக் குலைத்தது போர்க்களமல்ல, போட்டி மைதானம் என்பேன். 1957-இல் ஜப்பான் கராத்தே சங்கம் தேசியப் போட்டி நடத்தியபோது கட்டாவுக்குத் தனிப் பரிசு, சண்டைக்குத் தனிப் பரிசு. சண்டைப் பிரிவில் இருவரும் எட்ட நின்று பாய்ந்து தொட்டுவிட்டு விலக வேண்டும். பிடரியைப் பிடிக்கக் கூடாது, முழங்கையால் இடிக்கக் கூடாது, முழங்காலை உதைக்கக் கூடாது. உயிருக்கும் கைகாலுக்கும் பாதுகாப்பாகப் பயில இந்த விதிகள் வேண்டியவைதான். ஆனால் நைஹாஞ்சியில் இருப்பதே இவை மூன்றும்தான். எல்லாவற்றையும் விதி போட்டு வெளியே தள்ளிவிட்டு, மிச்சமிருக்கும் விளையாட்டுக்கு இது உதவவில்லையே என்று கட்டாவைப் பழித்தார்கள். விதிகள் கழித்துப் போட்டது எங்கேயாவது பத்திரமாக இருக்கிறதென்றால் அது கட்டாவில்தான்.

கட்டாவே சண்டை கற்றுக்கொடுத்துவிடும் என்று வாதாட நான் வரவில்லை. எதிராளி எப்போது அசைவான் என்ற கணிப்பு அதில் கிடையாது. பயம் கிடையாது, மூச்சிரைப்பு கிடையாது, திட்டம் தவறினால் என்ன செய்வது என்ற தவிப்பும் கிடையாது. மோட்டோபுவுக்குச் சுஜித் தெரு கொடுத்தது அதைத்தான். தெருவுக்குப் போகாத ஒருவர் நைஹாஞ்சியைப் பத்தாயிரம் முறை செய்தாலும் நல்ல நைஹாஞ்சிதான் வரும். இன்று தெருவுக்குப் போக வேண்டாம், போகவும் கூடாது. மணிக்கட்டைப் பிடித்து விடாமல் இழுக்க ஒரு கூட்டாளி போதும். பாட்ரிக் மெக்கார்த்தி, இயன் அபெர்னெதி போன்ற கராத்தே ஆசிரியர்கள் கட்டாவை அப்படி ஜோடியாகப் பிரித்துப் பயிலும் முறையைக் கடந்த சில பத்தாண்டுகளில் பல நாடுகளுக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். மோட்டோபுவின் நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் மெக்கார்த்திதான்.

நம்மூர் ஷோடோகான் வகுப்புகளில் பிரௌன் பெல்ட்டை நெருங்கும்போது நைஹாஞ்சியின் முதல் பகுதியான டெக்கி ஷோடான் வருகிறது. அதுவரை பாய்ந்து பாய்ந்து ஹெயான் என்ற தொடக்கக் கட்டாக்கள் செய்த பிள்ளைகளுக்கு இது சப்பென்று இருக்கும். தேர்வில் நிலை தாழ்ந்ததா, தலை சட்டென்று திரும்பியதா என்று பார்த்து மார்க் போடுகிறார்கள். மாணவனின் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ‘இப்போது செய்’ என்று சொன்னால் தேர்வு இரண்டு நிமிடம் நீளும். முழங்கையும் இழுப்பும் வளைகுத்தும் அப்போதே பிடிபட்டுவிடும். கட்டாவின் ஒவ்வொரு பாதியும் முடியும்போது இரண்டு முஷ்டிகளும் ஒரே பக்கம் சேர்ந்து பாயுமே, அது மட்டும் அவ்வளவு எளிதில் மசிவதில்லை. ஒரு கை தலைமுடியையோ காலரையோ பிடித்திருக்க மறு கை குத்துகிறது என்கிறார்கள், தள்ளிவிட்டு ஓடுவதற்கு என்கிறார்கள். ஜோடி போட்டுப் பார்த்தால் முதல் விளக்கத்தில் கை இடிக்கிறது, இரண்டாவதில் ஆள் முழுக்க விலகுவதில்லை. மூன்றாவது ஒன்றை யாராவது பிடித்துத் தள்ளிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.