கொண்டோரின் குகை வாசலில்

போன மாசியில் வங்காலைப் பக்கம் எடுத்த பூநாரைப் படங்களை ஒரு அண்ணாவிடம் காட்டினோம். கூட்டமாய்ப் பறக்கிற படம்தான் எங்களுக்குப் பெருமை. அவர் வெளிச்சத்தைப் பற்றியோ ஃபோகஸைப் பற்றியோ ஒன்றும் சொல்லேல்லை. "இதுகள் ஏன் பறந்தது?" எண்டு மட்டும் கேட்டார். நாங்கள் கிட்டப் போனதாலதான்.

அந்தக் கேள்வியோடுதான் வில்லியம் ஃபின்லியும் ஹேர்மன் போல்மனும் 1906இல் செய்த வேலையைத் தேடி வாசித்தோம். கலிபோர்னியாவில் பசடினாவுக்கு அருகிலுள்ள மலைப் பள்ளத்தாக்கொன்றில், கொண்டோர் எனும் பெரிய பிணந்தின்னிக் கழுகின் கூட்டை அவர்கள் படம்பிடித்தார்கள். கூடு என்கிறோமே தவிர, பாறைக் குகையின் தரையில் ஒற்றை முட்டை, அவ்வளவுதான். சிறகை விரித்தால் கிட்டத்தட்ட 3 மீற்றர் வரும் பறவை இது. அந்தக் காலத்தில் அதைச் சுட்டுப் பாடம்பண்ணுவதும் முட்டையைச் சேகரிப்பாளருக்கு விற்பதும்தான் வழக்கம். இவர்கள் கொண்டுபோனது கமரா.

இப்ப மாதிரி எடுத்த உடனே திரையில் பார்க்கேலாது. ஒரு கண்ணாடித் தட்டில் ஒரு படம்தான். கறுப்பு இறகு, இருண்ட குகை, வெளியே கண்ணைக் கூசும் வெயில். அக்காலத்துச் சாதாரணத் தட்டுகளில் சிவப்பு சரியாகப் பதியாது, ஆகவே பறவையின் செம்மஞ்சள் தலையும் கறுத்துத்தான் போகும். கழுவிப் பார்த்தால்தான் பிழை தெரியும். திருத்த வேண்டுமெண்டால் திரும்ப மலை ஏறவேணும். மார்ச் தொடங்கி மாதக்கணக்காய்த் திரும்பத் திரும்பப் போனார்கள். அதற்குள் தாயும் தகப்பனும் இவர்களுக்குப் பழகிவிட்டன. மிக அருகிலிருந்து எடுத்த படங்கள் அப்படி வந்தவைதான். கலைத்துப் பறக்கவிட்டு எடுத்தவை அல்ல.

இதை வாசித்து ஃபின்லியில் எங்களுக்குப் பெரிய மரியாதை வந்தது. பிறகு மிச்சத்தையும் வாசித்தோம். கடைசியில் அந்தக் குஞ்சை அவர் தன்னோடு ஒரேகனுக்குக் கொண்டுபோனார். 'ஜெனரல்' எண்டு பேரும் வைத்தார். பிறகு அது நியூயோர்க் மிருகக்காட்சிச்சாலைக்குப் போனது. அத்தனை மாதம் பொறுமையாய் இருந்த மனிசன் ஏன் இப்படிச் செய்தார் எண்டது எங்களுக்கு இன்னும் பிடிபடேல்லை. 1987இல் காட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் கொண்டோரையும் இனத்தைக் காப்பாற்றவென்றே பிடித்தார்கள். உலகத்தில் அப்போது மொத்தம் 27தான். 1992இல்தான் திரும்பக் காட்டுக்கு விடத் தொடங்கினார்கள்.

எங்கட படங்களில் ஒன்றில் பூநாரைகள் தலையைத் தண்ணிக்குள் விட்டு மேய்ந்துகொண்டு நிற்கின்றன. தூரம், கொஞ்சம் மங்கல். அழிக்க நினைத்த படம். அண்ணா அதைத்தான் இரண்டாம் தரம் பார்க்கக் கேட்டவர்.