தேநீரும் இளையோர் சோர்வும்

யாழ்ப்பாண நகரைக் கடந்து கிழக்கு நோக்கிச் செல்லும் கண்டி வீதியின் இருமருங்கிலும் விரிந்து கிடப்பது அரியாலை என்னும் பழம்பதி. ஒருபால் நல்லூரின் எல்லை, மற்றொருபால் கடனீரேரி, இடையே பனையும் தென்னையும் வயலும் வீடுகளும். இவ்வூரில் இன்று பொழுது புலர்ந்ததும் முதலில் அடுப்பில் ஏறுவது தேத்தண்ணீருக்கான கேத்தில். யாழ்ப்பாணத்தில் வழிவழியாக நிகழும் செயல்போல இது நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் நம் முன்னோரின் பெருந்தொகையினர் தேயிலையைக் கண்ணாலும் கண்டதில்லை. தேநீர் இல்லாமற் கண் விழிக்க இயலாது என்னும் நிலையோ அதனினும் புதியது.

இருபது வயது நிரம்பிய இளைஞன் ஒருவன் முற்பகல் பத்து மணிக்கே கொட்டாவி விடுகிறான். பாடநூலைத் திறந்தால் கண் செருகுகிறது. ஒரு கோப்பை தேநீர் அருந்துகிறான். ஒரு மணி நேரம் தெளிவு. பின்னர் மீண்டும் சோர்வு, மீண்டும் தேநீர். இரவிலோ உறக்கம் வருவதில்லை. வீட்டிலுள்ள பெரியோர் இதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்கின்றனர். இது சோம்பல்தானா? வரலாற்றையும் உடலியலையும் ஒருங்கே வைத்து இவ்வினாவை ஆராய்வோம்.

பழைய யாழ்ப்பாணத்துக் கமக்காரன் விடியுமுன்னே கிணற்றடியில் நிற்பான். ஒருவன் துலா மிதிக்க, மற்றொருவன் கீழே நின்று இறைத்த நீரை வாய்க்காலில் ஊற்றுவான். புகையிலைத் தோட்டமும் தரைக்கறித் தோட்டமும் இவ்வாறே நீர் பெற்றன. அவன் அருந்தியவை பழஞ்சோற்று நீரும் மோரும் பனையின் பதநீரும் கூழுமே. களைப்பு அவனுக்கும் உண்டு. நம்மிலும் மிகுதியாகவே உண்டு. ஆனால், எண்ணெய் விளக்கு நெடுநேரம் எரியாத அக்காலத்தில் இருள் வந்ததும் உறக்கமும் வந்தது. பகலில் உடல் பட்ட கடனை இரவு அன்றன்றே தீர்த்தது.

இலங்கையில் முதலிற் பெயர் பெற்ற பானப் பயிர் கோப்பியே. அரபு வணிகரால் இது இங்கு வந்தது என்பர். தொடக்கத்தில் மக்கள் இதன் இலையைக் கறிக்கும் பூவைக் கோயில் வழிபாட்டுக்கும் பயன்படுத்தினர் என்றும் கூறுவர். ஒல்லாந்தர் 1740ஆம் ஆண்டளவில் இதனைப் பயிரிட முயன்றனர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1820களில் கம்பளைப் பகுதியில் பெருந்தோட்டம் தொடங்கியது. அத்தோட்டங்களுக்காகத் திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து தமிழ் மக்கள் மன்னார்க் காட்டு வழியே நடந்து மலையகம் சென்றனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். நாம் பருகும் கோப்பையின் வரலாறு இந்த நடைப்பயணத்தில் தொடங்குகிறது என்பதை மறத்தலாகாது.

1869ஆம் ஆண்டில் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. ஒருவகைப் பூஞ்சண நோய் அது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் அழிந்தொழிந்தது. அதற்கு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் ரெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி வீழ்ந்த மலைகளில் தேயிலை எழுந்தது.

ஆயினும், அது உள்ளூராருக்காக எழுந்ததன்று. நல்ல தேயிலை கப்பலேறியது. தூளே பெரும்பாலும் நாட்டில் நின்றது. உலகப் பொருளாதாரம் நலிந்த 1930களில் விலை சரிந்தபோது புதிய குடியாளரைத் தேடும் தேவை உண்டாயிற்று. 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை தோன்றியது. இந்தியாவிலும் இவ்வகை முயற்சிகள் நடந்தன. தேநீரைப் பருகுமாறு மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தே பழக்கினார்கள். தாகத்துக்கு நீர் வேண்டும் என்பதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. களைப்புக்குத் தேநீர் வேண்டும் என்பது கற்பிக்கப்பட்ட பாடமாகும்.

யாழ்ப்பாண மண்ணில் தேயிலை விளைவதில்லை. எனினும் யாழ்ப்பாணத்தார் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். கோப்பித் தூளோடு மல்லியும் மிளகும் சேர்த்தனர். வெறுந்தேநீரைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பருகினர். மலையகத்தின் இலையும் குடாநாட்டின் பனையும் ஒரே வாயிற் சந்தித்தன.

இப்பழக்கம் இளையோரை இறுகப் பற்றியதற்குப் புகையிரதமும் பரீட்சையும் துணை செய்தன. 1902இல் குடாநாட்டில் இருப்புப் பாதை ஓடத் தொடங்கி, 1905இல் கொழும்போடு இணைந்தது. அரியாலையை ஒட்டிய புங்கங்குளத்தின் வழியே அப்பாதை செல்கிறது. நீர் குறைந்த நிலத்தில் பிறந்தவர்க்கு அரசாங்க உத்தியோகமே விளைநிலமாயிற்று. கொழும்பிற் கிளாக்கராக அமர்ந்தவருக்குச் சூரியன் அன்று, சுவர்க் கடிகாரமே எசமானன். கந்தோரில் முற்பகல் ஒரு தேநீர், பிற்பகல் ஒரு தேநீர் என்பது நாள் ஒழுங்காயிற்று. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் ஊருக்கும் தலைநகருக்குமிடையே இவ்வொழுங்கு இன்னும் நெருங்கி வந்தது.

உத்தியோகத்துக்கு வாயில் பரீட்சை. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் அவ்வாயிலை யாழ்ப்பாணத்து மாணவருக்கு மேலும் ஒடுக்கிற்று. பல்கலைக்கழகம் புகக் கூடுதற் புள்ளி வேண்டும்; கூடுதற் புள்ளிக்குக் கூடுதல் இரவு வேண்டும். நள்ளிரவில் தாய் எழுந்து பிள்ளைக்குத் தேத்தண்ணீர் வைத்துக் கொடுப்பது அன்பின் அடையாளமாயிற்று. அன்பை நாம் குறைகூற இயலாது. ஆனால், அந்த அன்பு எதனை ஊட்டியது என்பதைக் கேட்டே ஆக வேண்டும்.

பின்னர் போர் வந்தது. 1990இன் பின் புகையிரதம் நின்றது. குடாநாடு பல்லாண்டுகள் இருளில் மூழ்கியது. மண்ணெண்ணெய் அரிதாகிய அக்காலத்தில் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெய் விட்டுத் திரி கொளுத்தி மாணவர் படித்தனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் கண்டி வீதி வழியாகவும் செம்மணி வழியாகவும் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அரியாலை மக்கள் அவ்விரவை அறிவர். விழித்திருத்தல் அன்று பழக்கமன்று. உயிர் காக்கும் வழி. அச்சத்தால் விழித்திருக்கக் கற்ற ஒரு தலைமுறை, அச்சம் நீங்கியபின்னும் எளிதில் உறங்குவதில்லை. 2014இல் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. விளக்கும் வந்தது, கைத்தொலைபேசியின் ஒளியும் உடன் வந்தது. உறக்கம் மட்டும் முன்போல் திரும்பிவரவில்லை.

இனி, உடலின் பக்கத்தைக் காண்போம். உடற்கூற்றையும் வைத்தியத்தையும் தமிழிலேயே தெளிவுறக் கூறலாம் என்பதை, 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் காட்டிச் சென்றார். அவ்வழியிலே நாமும் எளிய தமிழிற் கூறுவோம்.

ஜேர்மானிய இரசாயனவியலார் ருங்கே 1819இல் கோப்பிக் கொட்டையிலிருந்து கஃபீன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். தேயிலையில் உள்ளதும் அதே பொருள் என்பது 1838இல் உறுதியாயிற்று. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் மூளையில் அடினோசீன் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது தனக்குரிய வாயில்களிற் சென்று பொருந்தும்போது உறக்கம் வருகிறது. கஃபீன் அவ்வாயில்களை முந்திச் சென்று அடைத்துக்கொள்கிறது. எனவே தூக்கம் தெரிவதில்லை. ஆனால், அடினோசீன் அழிவதுமில்லை. வாயிற்புறத்தே காத்து நிற்கிறது. கஃபீன் அகன்றதும் முழுக் கூட்டமாக உள்ளே புகுகிறது. கடன்காரன் வரும்போது கதவைச் சாத்துவதனாற் கடன் தீருமா?

வயது வந்த ஒருவரின் உடலிற் புகுந்த கஃபீனிற் பாதி நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்கு அருந்தியதிற் பாதி இரவு பதினொரு மணிக்கும் உடலில் உண்டு. அது உறக்கத்தைப் பிந்தச் செய்கிறது; வந்த உறக்கத்தையும் மெலிவிக்கிறது. மறுநாட் சோர்வுக்கு மறுபடியும் தேநீர். இவ்வாறு மருந்தே நோயை வளர்க்கிறது. இளம்பருவத்திலோ உடலின் உட்கடிகாரம் இயல்பாகவே பின்தங்கி ஓடும். இளையோர்க்கு இரவில் நேரஞ்சென்று தூக்கம் வருவது அவ்வியல்பினாலே. பாடசாலையும் தனியார் வகுப்பும் அந்த இயல்பைக் கேளாமல் அதிகாலையிலேயே அழைக்கின்றன. பதினெட்டு வயது முதல் இருபத்தைந்து வயது வரை உள்ளோர்க்கு ஏழு முதல் ஒன்பது மணி நேர உறக்கம் வேண்டும் என்பர் வல்லுநர்.

மற்றொன்றும் உண்டு. உணவோடு தேநீர் அருந்தினால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் மரக்கறி உணவின் இரும்புச் சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கின்றன. இரும்பு குறைந்தாற் குருதி மெலியும்; குருதி மெலிந்தாற் சோர்வு மிகும். மாதவிலக்கால் குருதி இழக்கும் இளம் பெண்களுக்கு இது பெருங்கேடு. சோற்றுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது கழிய விடுதல் நன்று.

தேநீரை அறவே விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. நலமுள்ள பெரியோர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை கஃபீன் கேடு செய்யாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் கூறியது. கருவுற்ற பெண்களுக்கு அவ்வளவிற் பாதியே. ஆயினும் நண்பகலின் பின் அருந்தாமை நலம். மிகுதியாகப் பழகியோர் ஒரே நாளில் நிறுத்தினால் தலையிடியும் எரிச்சலும் சில நாட்கள் வாட்டும். ஆதலாற் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். நன்கு உறங்கியும் வாரக்கணக்கிற் சோர்வு நீங்காதிருந்தால் வைத்தியரை நாட வேண்டும். குருதிக்குறைவு, தைரொயிட்டுச் சுரப்பின் குறை, நீரிழிவு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படல், மனச்சோர்வு ஆகியவை எல்லாம் சோர்வு என்னும் ஒரே உடையை அணிந்து வரக்கூடும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். அயரும் பிள்ளையைச் சோம்பேறி என்று அழைக்குமுன் அவன் எத்தனை மணிக்கு உறங்கினான் என்று கேளுங்கள். அச்சோர்வில் பெருந்தோட்டத்தின் சந்தையும் கந்தோரின் கடிகாரமும் பரீட்சையின் நெருக்கடியும் போரின் விழிப்பும் கலந்து கிடக்கின்றன. அவற்றுள் எதனையும் அவன் உண்டாக்கவில்லை. நள்ளிரவிற் பிள்ளையின் மேசையில் ஒரு கோப்பை தேநீரை வைப்பதிலும், அந்த விளக்கை அணைத்து, மிகுதியை நாளை படிக்கலாம் என்று கூறுவதே இக்காலத்துக்கு ஏற்ற அன்பாகும்.