ரஹீம் சாஹிபின் வகுப்பறை

கொடைக்கானல் மலைச்சரிவில் பேத்துப்பாறை போன்ற சிற்றூர்களில் கால்பந்து ஆடுவதற்குச் சமதளம் கிடைப்பது அரிது. கால்பந்தைப் பற்றி வாதாடுவதற்கு அப்படியொரு தடையும் இல்லை. 2025 ஆகஸ்டு 1 அன்று இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளராகக் காலித் ஜமீல் அறிவிக்கப்பட்டபோது, நாட்டில் பந்தை நேசிக்கும் ஊர்கள் எல்லாவற்றிலும் எழுந்த வாதம் மலையூர்களின் தேநீர்க்கடைகளையும் விட்டுவைக்கவில்லை. 13 ஆண்டுகளுக்குப் பிறகு அப்பொறுப்புக்கு நிலையாக நியமிக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். 2017இல் மிசோரமின் ஐஸால் அணியை, யாரும் எதிர்பாராத வகையில், ஐ-லீக் வாகையர் ஆக்கியவர்.

வாதத்தின் இரு தரப்புகளும் எளியவை. ஜமீலின் ஆட்டமுறை தற்காப்பை அடிப்படையாகக் கொண்டது; பந்தை எதிரணியிடம் விட்டுவிட்டுப் பதுங்கியிருந்து பாய்வது. தேசத்தின் அணி இப்படியா ஆடவேண்டும் என்றது ஒரு தரப்பு. கையில் இருக்கிற ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு வேறெப்படி ஆடமுடியும் என்றது மறுதரப்பு. உலகெங்கும் இதே வழக்குத்தான். 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு வந்த ரூபன் அமோரிம், மூன்று தடுப்பாளர்களை நிறுத்தும் தமது முறையை அதற்கெனத் தேர்வு செய்யப்படாத ஓர் அணியின்மீது பொருத்த முயன்றார். அந்தப் பருவத்தின் முடிவில் அணி 15ஆம் இடத்தில் நின்றது. முறைக்கு ஆளா, ஆளுக்கு முறையா என்னும் கேள்வி லண்டனிலும் கல்கத்தாவிலும் ஒன்றுபோலவே கேட்கப்படுகிறது.

இந்தக் கேள்விக்கு இந்தியக் கால்பந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விடையைக் கண்டிருந்தது. அந்த விடையின் பெயர் சையத் அப்துல் ரஹீம். ஆட்டக்காரர்களுக்கு அவர் ரஹீம் சாஹிப்.

1909இல் ஹைதராபாத்தில் பிறந்த ரஹீம் தொழிலால் பள்ளி ஆசிரியர். 1943இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். 1950இல் ஹைதராபாத் நகரக் காவல் அணியின் பயிற்சியையும் இந்திய அணியின் பயிற்சியையும் ஏற்றார். அவர் கைக்கு வந்த இந்திய அணி, பெருமிதமும் பிடிவாதமும் சம அளவில் கலந்த ஒன்று. 1911இல் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட்டை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியபோது, அதன் ஆட்டக்காரர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலுடன் ஆடியவர்கள். பூட்ஸ் அணிந்த வெள்ளையரை வெறுங்கால் வென்றது என்பது ஒரு விளையாட்டுச் செய்தியாக மட்டும் நிற்கவில்லை. விடுதலை வேட்கையின் கதைகளில் ஒன்றாயிற்று. 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடி, பிரான்ஸிடம் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றார்கள். அன்றைய இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். தோல்வியிலும் வெறுங்காலின் மானம் காக்கப்பட்டதாகவே ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

1951இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ரஹீமின் அணி ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கியில் அடி விழுந்தது. குளிர்ந்த, வழுக்கும் தரையில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றது இந்தியா. அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. அந்த முடிவை வெறும் காலணி விவகாரமாகக் காண்பது தவறு. பந்தைத் தொலைவிலிருந்து உதைப்பது, ஈரத்தரையில் திரும்புவது, மோதலுக்கு அஞ்சாமல் காலை நீட்டுவது என ஆட்டத்தின் இலக்கணமே அதனால் மாறவேண்டியிருந்தது. தம் ஆட்டமரபே தம் அடையாளம் என்று நம்பியிருந்தவர்களிடம், அந்த அடையாளத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லவேண்டிய நிலையில் இருந்தார் பயிற்சியாளர்.

ரஹீம் அதை மேடையேறிச் சொல்லவில்லை. ஆசிரியர் என்ன செய்வாரோ அதைச் செய்தார். ஹைதராபாத்தில் அவர் நடத்திய சிறு போட்டிகளின் விதிகள் விசித்திரமானவை. ஒன்றில், பந்தைக் காலோடு கொண்டு வளைந்து வளைந்து ஓடக்கூடாது. கிடைத்ததும் தோழனுக்குத் தந்துவிடவேண்டும். இன்னொன்றில், ஒவ்வொருவரும் தமக்குப் பழகாத காலால் மட்டுமே உதைக்கவேண்டும். அன்றைய இந்திய ரசிகன் பெரிதும் கொண்டாடியது தனியொருவன் நான்கு பேரைத் தாண்டிச் செல்லும் வித்தையை. அந்த வித்தையை அவர் பழித்துப் பேசவில்லை. அது பயன்படாத ஓர் ஆட்டத்தை உருவாக்கி, அதற்குள் சிறுவர்களை இறக்கிவிட்டார். அந்த மைதானங்களில் வளர்ந்தவர்கள் பின்னர் நகரக் காவல் அணிக்கும் இந்திய அணிக்கும் வந்தார்கள். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை அந்தக் காவல் அணி வென்றது என்பதே அந்த வகுப்பறையின் தேர்ச்சி அறிக்கை.

1953இல் வெம்ப்ளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என வீழ்த்தியது. ஹங்கேரியின் நடு முன்கள வீரர் ஹிதெக்குட்டி முன்னே நிற்காமல் பின்னே இறங்கி ஆட, அவரைத் தொடர்ந்து செல்வதா தன் இடத்திலேயே நிற்பதா என்று தெரியாமல் இங்கிலாந்தின் தடுப்பாளர் திகைத்தார். ரஹீம் இதைக் கூர்ந்து கற்றவர்களில் ஒருவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றது; நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதியில் யுகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோலை அடித்ததும் இந்தியாதான். பின்னர் 4-1 எனத் தோற்று, இறுதியில் நான்காம் இடம் பெற்றது. நான்கே ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல்கள் வாங்கிய அதே நாட்டுக்கு எதிராக இது நிகழ்ந்தது என்பதை மறந்துவிடக்கூடாது.

அணித்தேர்வு பற்றிய ஐயங்கள் அவரையும் விட்டுவைத்திருக்க வழியில்லை. ஹைதராபாத்துக்காரர் பயிற்சியாளர், அணியில் ஹைதராபாத்துக்காரர் பலர். கல்கத்தாவோ தன்னையே இந்தியக் கால்பந்தின் தலைநகராகக் கருதிய நகரம். 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். எந்தக் காலத்து ரசிகனுக்கும் இது போதுமான தீனி. ஆனால் ரோமில் ஒரு ஆட்டத்தில்கூட ஹக்கீம் களமிறக்கப்படவில்லை. ஹங்கேரியிடம் 2-1 எனத் தோற்று, பிரான்ஸுடன் 1-1 எனச் சமன்செய்து, பெருவிடம் தோற்று அணி திரும்பியது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடியது அதுவே கடைசி.

முறையும் ஆளும் பற்றிய வழக்கு உச்சத்தை அடைந்தது 1962இல், ஜகார்த்தாவில். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் நடுத் தடுப்பாளர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம், தையல் போடவேண்டியிருந்தது. அரையிறுதிக்கு முன் ரஹீம் எடுத்த முடிவை இன்று ஒருவர் எடுத்தால் ஊரே கூடிக் கேட்கும். தலையில் கட்டுடன் இருந்த அந்தத் தடுப்பாளரை அவர் நடு முன்களத்தில் நிறுத்தினார். தென்வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் இந்தியா 3-2 என வென்றது. ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டம். இஸ்ரேலையும் தைவானையும் விலக்கியதை இந்திய நிர்வாகி ஜி.டி. சோந்தி கண்டித்திருந்ததால் அரங்கு முழுதும் இந்தியாவுக்கு எதிராக இரைந்துகொண்டிருந்தது. பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். தென்கொரியா கடைசி நிமிடங்களில் ஒன்றைத் திருப்பியது. 2-1. தங்கம்.

அன்று கோல்கம்பத்தைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். நமக்கு அண்மையிலுள்ள இன்னொரு மலையோடு தொடர்புடையவர்; நீலகிரியின் வெலிங்டனில் தலைமையிடம் கொண்ட மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்காக ஆடியவர். அவரும் தொடக்கத்தில் முன்கள வீரராக இருந்து பின்னர் கோல்கீப்பர் ஆனவர் என்பது இங்கே பொருத்தமான செய்தி. முன்னே ஆடியவன் பின்னே காக்கிறான். பின்னே காத்தவன் முன்னே அடிக்கிறான். இன்னார் இன்ன இடத்துக்கே என்று பிறப்பிலேயே எழுதிவைக்காத ஓர் ஆட்ட மரபு அது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ரஹீமின் கதையை இரு தரப்பினரும் தத்தமக்குச் சாதகமாகக் கையாளலாம். முறையே பெரிது என்பவர் மெல்போர்னைக் காட்டுவார். ஆளுக்கேற்ற முறை என்பவர் ஜர்னைல் சிங்கைக் காட்டுவார். இரண்டையும் ஒரே மனிதர் செய்தார் என்பதுதான் கவனிக்கத்தக்கது. அவரால் அது இயன்றதற்கு மேதைமை ஒரு காரணம். காலம் அதைவிடப் பெரிய காரணம். ஆட்டக்காரர்களில் பலரை அவர் சிறுவயது முதலே அறிந்திருந்தார். சங்கச் செயலாளராகப் போட்டிகளின் விதியை எழுதியவரும் அவரே, காவல் அணியில் அவ்விதியின் பயனைப் பெற்றவரும் அவரே, தேசிய அணியில் அதை உலகின்முன் வைத்தவரும் அவரே. ஜகார்த்தாவில் ஒரே இரவில் எடுத்ததாகத் தோன்றும் முடிவுக்குப் பின்னால் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன.

காலித் ஜமீலுக்கு என்ன இருந்தது? நியமனம் நடந்த ஒரே மாதத்துக்குள் தஜிகிஸ்தானில் காஃபா நேஷன்ஸ் கோப்பை தொடங்கிவிட்டது. அதில் ஓமனை பெனால்டி உதைகளில் வென்று மூன்றாம் இடம் பெற்றதும் பாராட்டு மழை. அக்டோபர் 14 அன்று மட்காவில் சிங்கப்பூரிடம் 2-1 எனத் தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு பறிபோனதும் வசை மழை. இரண்டும் ஒரே மனிதரின்மேல், ஒரே பருவத்தில். சில வாரங்களே கையிலிருந்த ஒருவரின் ஆட்டமுறையைப் பற்றி நாம் தத்துவ விசாரணை நடத்திக்கொண்டிருந்தோம்.

ஜகார்த்தாவுக்குப் போனபோதே ரஹீமை நுரையீரல் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் 11 அன்று, 53 வயதில் அவர் காலமானார். 1970இல் பாங்காக்கில் ஒரு வெண்கலம் கிடைத்தது. அதன் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்திய ஆடவர் அணிக்குப் பதக்கமே இல்லை. அவருக்குப் பின் உள்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பயிற்சியாளர்கள் பலர் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருவரின் வருகையின்போதும் அவருடைய முறை சரியா என்று கேட்டோம், அவருக்கு ஏற்ற ஆட்கள் உண்டா என்றும் கேட்டோம். பழகாத காலால் பந்தை உதைக்கக் கற்றுத்தரும் பள்ளி ஆசிரியர் இன்று எந்த ஊரில் இருக்கிறார், அவருக்கு ஒரு மைதானம் உண்டா என்று மட்டும் கேட்காமலே இருந்துவிட்டோம்.