கொன்கோட்: ஓர் அமெரிக்கச் சிற்றூரின் நிலமும் குடியும் ஆட்சியும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதுவோர் தலைநகர்களையும் போர்க்களங்களையுமே பெரிதும் நோக்குவர். அந்நாட்டு மக்கள் தம்மைத் தாமே ஆளப் பழகிய இடம் யாது என வினவின், விடை பெரும்பாலும் சிற்றூர்களிலேயே கிடைக்கும். ஐக்கிய அமெரிக்காவின் வடகீழ்ப் பகுதியிலே, மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில், கொன்கோட் என்னும் ஊர் ஒன்று உண்டு. ஓர் அரசின் அடிப்படைச் சட்டத்தை அவ்வரசின் சட்டசபையே ஆக்கிக்கொள்ளலாமா என்னும் வினா 1776 ஆம் ஆண்டில் இவ்வூரவர் முன் வந்தது. அவர்கள் அளித்த விடை அரசியல் நூலோர் இன்றும் எடுத்துப் பேசும் சிறப்புடையது. பெரும்பாலும் உழவராயிருந்த ஒரு சிறு கூட்டத்தார்க்கு அவ்விடையை அளிக்கும் ஆற்றல் எங்ஙனம் வாய்த்தது என்பதை அவ்வூரின் நிலம், குடித்தொகை, ஆட்சிமுறை என்பவற்றின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மசாச்சுசெற்ஸ் என்னும் பெயர் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கிய டானியல் பூவரும், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீனும் அம்மாநிலத்திற் பிறந்தவர்களே. அவர்களை அறிந்த அளவுக்கு அவர்கள் பிறந்த நாட்டின் ஊராட்சியை நாம் அறிந்தோமல்லேம்.

முதற்கண் ஒரு சொல்லை விளக்குதல் வேண்டும். அப்பகுதியார் ‘டவுன்’ என்று கூறுவது கடைகளும் வீடுகளும் நெருங்கிய பட்டினத்தை அன்று. வயலும் காடும் ஆறும் குளமும் தன்னுள் அடங்க, எல்லை வகுத்து அளக்கப்பட்ட ஒரு நிலப்பரப்பே டவுன் ஆகும். மசாச்சுசெற்ஸில் யாதேனும் ஒரு டவுனையோ நகரத்தையோ சாராத நிலம் ஓரடியும் இல்லை. மேற்கேயுள்ள பிற மாநிலங்களில் ‘டவுன்சிப்’ என வழங்குவதும் ஏறத்தாழ இத்தகையதே. ஆதலின் இங்கே நிலத்தைப் பேசாது ஆட்சியைப் பேசுதல் இயலாது.

நிலம்

கொன்கோட் பொஸ்ரன் நகரிலிருந்து ஏறத்தாழ 20 மைல் வடமேற்கே, சுமார் 26 சதுர மைல் பரப்பில் அமைந்துள்ளது. சட்பரி, அசபெற் என்னும் இரு சிற்றாறுகள் ஊர் நடுவே கூடிக் கொன்கோட் ஆறு என ஒன்றாகி வடக்கே சென்று மெரிமாக் ஆற்றிற் கலக்கின்றன. ஓட்டம் மிக மெல்லிய ஆறு அது. வெள்ளக் காலத்தில் அது பரந்து நிற்கும் கரைகளிலே மாட்டுக்குரிய புல் செழித்து வளரும். பழங்குடி மக்கள் இவ்விடத்தை மஸ்கெற்றகுவிட் என அழைத்தனர். புல்வெளி ஆறு என்பது அதன் பொருள். ஊரின் தெற்கே உள்ள வால்டன் குளம் பழைய பனிப்பாறை உருகி விட்டுச்சென்ற பள்ளமாகும். 1846 இல் அதனை அளந்த ஹென்றி டேவிட் தொரோ, அதன் மிகு ஆழம் 102 அடி எனக் கண்டார்.

1635 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திற் குடியேற்றத்தின் பொதுச்சபை, ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் உடைய நிலத்தைச் சைமன் வில்லாட் என்னும் வணிகருக்கும் பீற்றர் பல்க்லி என்னும் குருவுக்கும் அவர்களோடு வந்தோர்க்கும் அளித்தது. கடலேற்றம் எட்டாத உள்நாட்டிலே மசாச்சுசெற்ஸ் குடியேறிகள் அமைத்த முதலூர் இதுவே. ஐரோப்பியரோடு வந்த கொள்ளைநோய்களாற் பழங்குடியினர் அதற்கு முன்னரே பெருந்தொகையாக மடிந்துவிட்டனர். எஞ்சியோரின் தலைவர்களுக்குப் பொருள் கொடுத்து நிலம் பெறப்பட்டது. ஒற்றுமை எனப் பொருள்படும் கொன்கோட் என்னும் பெயரும் இடப்பட்டது. எனினும், நாற்பது ஆண்டு கழிந்தபின் மூண்ட போரின்போது, இவ்வூரிற் புகலடைந்திருந்த கிறித்தவப் பழங்குடியினர் 1676 ஆம் ஆண்டுக் கடுங்குளிரிற் படைவீரராற் பிடிக்கப்பட்டுப் பொஸ்ரன் துறைமுகத்துத் தீவொன்றிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஊரின் பெயர்க்கு இந்நிகழ்ச்சி மாறாக நிற்பதை மறைத்தல் வரலாறாகாது.

ஆறு மைல் என்னும் அளவு காரணமின்றி வந்ததன்று. வழிபாட்டுக்கும் ஊர்க்கூட்டத்துக்கும் ஒரே மனை இருந்தது. குடிகள் யாவரும் அங்கே வந்து மீளுதல் வேண்டும். எல்லைப்புறத்தில் வாழ்ந்தோர்க்குப் பனிக்காலத்தில் அது பெருந்துன்பமாயிற்று. குடிகள் பெருகப் பெருக, அவர்கள் தமக்கெனத் தனிமனையும் தனிக்கூட்டமும் வேண்டி விண்ணப்பித்தனர். இவ்வாறு கொன்கோட்டின் நிலத்திலிருந்து பெட்போட் 1729 இலும், அக்ரன் 1735 இலும், லிங்கன் 1754 இலும், காளைல் 1780 இலும் பிரிந்தன. இவற்றுட் சில அயலூர் நிலத்தையும் சேர்த்துக்கொண்டு அமைந்தவை. ஒருவன் கூட்டத்துக்கு வந்து வீடு திரும்பக்கூடிய தூரமே ஆட்சியின் எல்லையை வகுத்தது என்பது இதனாற் புலனாகும்.

குடிகள்

1790 ஆம் ஆண்டு முதற் குடிக்கணக்கிற் கொன்கோட்டின் குடித்தொகை 1,590. அறுபது ஆண்டு சென்று, 1850 இல், அது 2,249 மட்டுமே. நிலம் குறுகியது, புதல்வர் பலர், ஆதலின் இளையோர் மேற்கே புதுநிலம் நாடிச் சென்றனர். 1844 இற் புகைவண்டிப்பாதை வந்தது. அதனை அமைக்க வந்த ஐரிஷ் மக்களுள் ஒரு சாரார் இங்கேயே குடியாயினர். உழவர் பாலும் பழமும் காய்கறியும் பொஸ்ரனுக்கு அனுப்பத் தலைப்பட்டனர். 1900 இற் குடித்தொகை 5,652 ஆயிற்று. 1878 முதல் 2024 வரை இவ்வூர் எல்லையுள் மாநிலச் சிறைச்சாலை ஒன்று இயங்கிற்று. அதிலிருந்தோரும் ஊர்க் கணக்கிற் சேர்ந்தனர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பெருமாற்றம் நிகழ்ந்தது. மோட்டார் வண்டியும் புதுச்சாலைகளும் பொஸ்ரனைச் சூழ எழுந்த புதிய தொழில்களும் உழவூரைப் புறநகராக மாற்றின. 1950 இல் 8,623 ஆக இருந்த குடித்தொகை 1970 இல் 16,148 ஆக உயர்ந்தது. அதன்பின் ஏற்றம் தளர்ந்தது. 2020 ஆம் ஆண்டுக் கணக்கு 18,491. நிலத்தைப் பல துண்டாக்கி வீடு கட்டுவதை ஊர்ச்சட்டங்கள் கட்டுப்படுத்தின; காடும் புல்வெளியும் பேணப்பட்டன. இதனால் ஊரின் அழகு நிலைத்தது. வீட்டுவிலையும் உயர்ந்து, எளியோர் குடிபுகுதல் அரிதாயிற்று. ஒரே தீர்மானம் நன்மையும் தீமையும் ஒருங்கே பயந்தமைக்கு இது சான்றாகும்.

ஊர்க்கூட்டம்

கொன்கோட்டின் ஆட்சிக்கு உயிராயிருப்பது ஊர்க்கூட்டம். வாக்காளராகப் பதிந்த எவரும் நேரில் வந்து பேசலாம், வாக்களிக்கலாம். கூட்டத்துக்கு முன் விடயங்களை எண்ணிட்டு நிரற்படுத்திய அழைப்பாணை வெளியிடப்படும். அதிற் குறிக்கப்படாத ஒன்றைக் கூட்டம் தீர்மானித்தல் ஆகாது. ஆண்டுக் கூட்டத்துக்கான அழைப்பாணையில் ஒரு பிரேரணையைச் சேர்ப்பிக்கப் பத்து வாக்காளரின் கையொப்பம் போதும். நடுவர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டு அவையை நடத்துவார். வரவுசெலவுக் கணக்கை ஏற்பதும் ஊர்ச்சட்டம் ஆக்குவதும் கூட்டத்தின் உரிமை. ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையில் ஐவர் கொண்ட தெரிவுக்குழு ஊர்க்காரியங்களை நோக்கும். அன்றாட நிருவாகம் சம்பளம் பெறும் முகாமையாளர் ஒருவரிடம் உள்ளது.

பழைய நாளிற் கூட்டம் பல சிறு பதவிகளுக்கும் ஆட்களைத் தெரிந்தது. வீதி திருத்துவோர், வேலி எல்லை நோக்குவோர், கட்டவிழ்ந்து திரியும் பன்றிகளைப் பிடிப்போர் எனப் பலர் இருந்தனர். புதிதாக மணம் புரிந்தோர்க்குப் பன்றிக் காவற் பதவியை வேடிக்கையாக அளிக்கும் வழக்கமும் இருந்தது. மெய்யியலறிஞர் எமர்சனும் அதற்குத் தப்பினாரல்லர். 1647 ஆம் ஆண்டுச் சட்டம், ஐம்பது குடும்பங்கள் உள்ள ஒவ்வொரு டவுனும் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க ஓர் ஆசிரியரை நியமித்தல் வேண்டும் என்றது. நூறு குடும்பங்கள் உளவாயின் இலக்கணப் பாடசாலையும் வேண்டும். ஆகவே வீதிக்கும் வேலிக்கும் பள்ளிக்கும் வரி எவ்வளவு, அதனை யார் இறுப்பது என்று வாதிட்டு முடிவு கண்ட மக்கள், நூறு ஆண்டுக்கு மேலாக ஆட்சிக் கலையிற் பயின்று வந்தனர் எனலாம்.

இப்பயிற்சியின் வன்மையை ஆங்கில அரசு நன்கு உணர்ந்திருந்தது. 1774 இற் பாராளுமன்றம் இயற்றிய மசாச்சுசெற்ஸ் ஆட்சிச் சட்டம், ஆண்டுக்கொரு கூட்டம் தவிர்ந்த பிற ஊர்க்கூட்டங்களைத் தேசாதிபதியின் இசைவின்றிக் கூட்டலாகாது எனத் தடுத்தது. ஊர்கள் பணியவில்லை. அவ்வாண்டு ஒக்ரோபரிற் குடியேற்றத்தின் மாகாணப் பேரவை கொன்கோட்டிலேயே கூடியது. படைக்கலங்களும் இங்கே சேர்க்கப்பட்டன. அவற்றை அழிக்க 1775 ஏப்ரில் 19 இல் ஏறத்தாழ 700 ஆங்கிலப் படைவீரர் வந்தனர். லெக்சிங்ரனிலும் கொன்கோட்டின் வடபாலத்திலும் திரும்பும் வழியிலும் நிகழ்ந்த சண்டைகளில் அன்று குடியேறிகளுள் 49 பேரும் ஆங்கிலேயருள் 73 பேரும் மாண்டனர்.

அப்போரைப் பாடநூல்கள் யாவும் கூறும். அதனினும் சிறந்ததென யாம் கருதுவது அடுத்த ஆண்டு நிகழ்ந்தது. 1776 செப்ரெம்பரில், புதிய அரசியலமைப்பைத் தானே வகுக்க இசைவு தருமாறு மாநிலச் சபை எல்லா ஊர்களையும் வேண்டியது. ஒக்ரோபர் 21 இற் கூடிய கொன்கோட் ஊர்க்கூட்டம் மறுத்தது. அரசியலமைப்பு என்பது ஆள்வோரின் அத்துமீறலிலிருந்து குடிகளின் உரிமையைக் காப்பது. அதனை ஆக்கிய சபை அதனை மாற்றவும் வல்லதாகும். சட்டசபை தான் விரும்பியவாறு மாற்றக்கூடிய அரசியலமைப்பு குடிகளுக்கு யாதொரு காப்பும் ஆகாது. அவர்கள் காட்டிய நியாயத்தின் சாரம் இதுவே. ஆதலின் இருபத்தொரு வயது நிரம்பிய சுதந்திர ஆடவர் யாவரும் தெரியும் தனிப்பேரவை ஒன்று இதற்கெனவே கூடுதல் வேண்டும் என அவர்கள் கேட்டனர்.

மாநிலச் சபை இதனை உடனே ஏற்கவில்லை. தானே வகுத்த அமைப்பை 1778 இல் ஊர்களின் முன் வைத்தது. ஊர்கள் பெருவாக்கால் அதனைத் தள்ளின. 1779 இல் தனிப்பேரவை தெரிவாயிற்று. யோன் அடம்ஸ் பெரும்பகுதியை எழுதிய வரைவு 1780 இல் ஊர்க்கூட்டங்களுக்கு அனுப்பப்பட்டது. அவை அதனைப் பகுதி பகுதியாக ஆராய்ந்தன. பின்னர் அது நிறைவேறிற்று. திருத்தங்களோடு அவ்வரசியலமைப்பு இன்றும் வழக்கில் உள்ளது. அடிப்படைச் சட்டத்தை ஆக்கும் உரிமை மக்களுடையது, அன்றாட ஆட்சி செய்யும் சபையினுடையதன்று என்னும் கொள்கை இவ்வாறு நடைமுறை ஆயிற்று.

வெளியே நின்றோர்

இனி, அக்கூட்டத்தில் யார் இல்லை என்பதையும் நோக்குதல் கடன். பதினெட்டாம் நூற்றாண்டிற் கொன்கோட்டிலும் அடிமைகள் இருந்தனர். அவர்களுள் ஒருவராய் விடுதலை பெற்றபின் ‘பிரீமன்’ எனப் பெயர் பூண்ட பிறிஸ்ரர் வால்டன் காட்டருகே வளமற்ற நிலத்தில் வாழ்ந்தார். 1780 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் சமத்துவ வாசகத்தைக் காட்டியே 1783 அளவில் நீதிமன்றங்கள் அடிமை முறையை அம்மாநிலத்தில் நிலையற்றதாக்கின. ஊர்கள் ஆராய்ந்து ஏற்ற சொல், அவ்வூர்களின் குறையையே தீர்க்கப் பயன்பட்டது.

பெண்கள் இன்னும் நெடுங்காலம் காத்திருந்தனர். பாடசாலைக் குழுத் தேர்தலில் மட்டும் வாக்களிக்க 1879 இற் சட்டம் இடந்தந்தது. நாவலாசிரியை லூயிசா மே அல்கொற் இவ்வூரிற் பதிவு செய்த முதற் பெண் ஆவார். 1880 மார்ச் மாதத்து ஊர்க்கூட்டத்தில் அவர் உட்பட இருபது பெண்கள் வாக்களித்தனர்.

தொரோவின் செய்தி வேறு வகையினது. அடிமை முறையைத் தாங்கும் அரசுக்கு வரி இறுக்க மறுத்து 1846 இல் ஓரிரவு அவர் இவ்வூர்ச் சிறையிற் கிடந்தார். அதனையொட்டி 1849 இல் வெளிவந்த அவரது கட்டுரையைக் காந்தியடிகள் தென்னாபிரிக்காவிற் படித்துப் போற்றினார். பெரும்பான்மையின் தீர்ப்பு எப்பொழுதும் நீதியாகாது என்ற அவரே, 1854 ஆம் ஆண்டுச் சொற்பொழிவில், உழவர் கூடி நாட்டை வருத்தும் விடயம் பற்றித் தம் கருத்தை வெளியிடும் ஊர்க்கூட்டமே நாட்டின் மெய்யான பேரவை என்றும் புகழ்ந்தார். இவ்விரண்டும் முரணல்ல. தன் மனச்சான்றோடு வருவோர் இருப்பின் மட்டுமே கூட்டம் மதிப்புடையது என்பது அவர் கருத்தாகும்.

இன்றைய நிலை

கொன்கோட் இன்றும் திறந்த ஊர்க்கூட்டத்தைக் கைவிடவில்லை. அவ்வூரைத் தன்னுள் அடக்கியிருந்த மிடில்செக்ஸ் கவுண்டியின் அரசு 1997 இல் ஒழிக்கப்பட்டது; ஊர் நிலைத்தது. ஒரு லீற்றருக்கு மேற்படாத பிளாஸ்ரிக் போத்தல்களிற் குடிநீர் விற்பதைத் தடுக்க மூதாட்டி ஒருவர் முயன்றார். 2010 இற் கூட்டம் ஏற்றதனை மாநிலச் சட்டத்துறைத் தலைவர் ஏற்கவில்லை. ஊர்ச்சட்டம் அவர் இசைவின்றிச் செல்லாது. அடுத்த ஆண்டு கூட்டமே சிறு வேற்றுமையில் தள்ளியது. 2012 இல் 403 பேர் சார்பாகவும் 364 பேர் எதிராகவும் வாக்களிக்க, அது நிறைவேறி, 2013 ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது.

அவ்வெண்களைக் கூட்டினால் 767. 2010 ஆம் ஆண்டுக் குடித்தொகையோ 17,668. நூற்றுக்கு ஐவர்கூட அன்று அவையில் இருந்திலர். வேலைக்குத் தூரம் செல்வோரும் குழந்தை உடையோரும் முதியோரும் மாலைக் கூட்டத்துக்கு வருதல் எளிதன்று. முன்னாளிற் சட்டம் பலரை வெளியே நிறுத்தியது. இந்நாளிற் கதவு திறந்திருக்கவும் பலர் வெளியே நிற்கின்றனர். எல்லைப்புறத்தார் பனியில் நடக்க இயலாது வருந்தியபோது அவர்க்கெனப் புதிய ஊர்களே அமைந்தன. இன்று மக்களையும் அவையையும் பிரிக்கும் தூரம் மைலால் அளக்கப்படுவதன்று. அதற்கேற்ற வழியை அவ்வூரார் இனித்தான் காணல் வேண்டும்.

1776 இற் கூடிய உழவர், அரசியலமைப்பு யாது என்பதை நூல்களிலிருந்து மட்டும் கற்றவரல்லர். வீதிக்கு எவ்வளவு வரி, பள்ளிக்கு யார் ஆசிரியர் என ஆண்டுதோறும் வாதிட்டு, தோற்றபோது பொறுத்து, வென்றபோது கணக்குக் காட்டிப் பழகியவர்கள். அப்பழக்கமே பெரிய வினா வந்தபோது அவர்களுக்குத் துணையாயிற்று. சிறு காரியங்களைக் கூடி ஆராய்ந்து பழகாத மக்களுக்கு எழுதித் தரப்படும் அரசியலமைப்பு எத்துணைச் சிறந்ததாயினும், அது காக்குமென எதிர்பார்த்தல் அரிதே.