இடாப்பில் எழுதும் முதல் சொல்

கடந்த வாரம் வரலாற்றுப் பாடம் முடியும் நேரத்தில் தரம் 11 பிள்ளை ஒருவர் எழுந்து கேட்டார்: "சேர், சுத்திவரக் கம்பி வேலி, கேட்டுல துவக்கோட காவல். அப்பிடியான ஆமிக் காம்புக்குள்ள இருந்து ஒரு ஆமிக்காரரே எப்பிடிக் காணாமப் போறது?"

மணி அடித்துவிட்டது. நாலு வரியில் சொல்லி முடிக்கிற பதிலும் இல்லை. பெற்றோரும் வாசிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிலீன் என்ற நகரத்தை ஒட்டி ஃபோர்ட் ஹூட் என்ற இராணுவ முகாம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல் திறக்கப்பட்டது. பரப்பளவில் நமது கொழும்பு மாவட்டத்தை விடப் பெரியது. சுமார் 36,000 சிப்பாய்கள் அங்கே கடமையாற்றினார்கள். உலகத்தின் மிகப் பெரிய முகாம்களில் ஒன்று. அப்படிப்பட்ட இடத்தில்தான் சிப்பாய்கள் காணாமல் போனார்கள்.

முதலில் கிரெகரி வெடல் மொராலஸ் என்ற இளைஞரின் கதை. 2019 ஆகஸ்ட் 19ஆம் திகதி இரவு அவர் தன் காரில் போனதைக் கண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை. இன்னும் சில நாட்களில் அவருடைய சேவைக் காலம் முடிய இருந்தது. வீட்டுக்குப் போகக் காத்திருந்த மனிதர். ஆனால் முகாமின் பதிவில் அவருடைய பெயருக்கு நேரே எழுதப்பட்டது "தப்பியோடியவர்" என்ற சொல்.

அவருடைய தாய் அதை ஏற்கவில்லை. சில நாளில் சட்டப்படியே வீட்டுக்கு வரப் போகிறவன் எதற்காக ஓட வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் "தப்பியோடியவர்" என்று எழுதிய பிறகு அந்தக் கேள்விக்கு அங்கே இடமில்லை. காணாமல் போனவரைத் தேடுவார்கள். ஓடியவர் என்றால், அகப்படும்போது தண்டிப்பதற்குத்தான் பார்த்திருப்பார்கள். ஆள் ஒருவர்தான். எழுதிய சொல்லைப் பொறுத்து அவர் தேடப்பட வேண்டியவராகவோ குற்றவாளியாகவோ ஆகிவிடுகிறார்.

பத்து மாதம் கழித்து, 2020 ஜூன் 19ஆம் திகதி, கிலீன் நகரத்தின் ஒரு வெளியில் அவருடைய எச்சங்கள் கிடைத்தன. குற்றச் செயல் நடந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் விசாரணை தொடங்கியது. அப்போதும் அந்தச் சொல் அவரை விடவில்லை. பதிவின்படி அவர் ஓடியவர். ஆகவே இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்ய உரிமை இல்லை என்ற நிலை. மகனை இழந்த தாய், மகனின் பெயரைச் சுத்தப்படுத்தவும் போராட வேண்டி வந்தது. பிறகுதான், அவர் தானாக விட்டுப் போனார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று இராணுவம் பதிவை மாற்றியது. மரியாதையும் கிடைத்தது.

அதே 2020இல் நம் நாட்டிலும் ஜனாஸாவை அடக்க அனுமதி கேட்டு எத்தனை குடும்பங்கள் கண்ணீரோடு நின்றன என்பதை நாம் மறக்கவில்லை. ஒரு மையித்துக்குரிய மரியாதைக்காக அதிகாரத்தின் வாசலில் நிற்பது எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வனெசா கியென். வயது 20. மெக்சிக்கோ வழிவந்த குடும்பம், ஹியூஸ்டன் நகரத்துப் பிள்ளை. 2020 ஏப்ரல் 22ஆம் திகதி முகாமின் ஆயுதக் களஞ்சியத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் காணாமல் போனார். அவருடைய கார்ச் சாவி, அறைச் சாவி, அடையாள அட்டை, பணப்பை எல்லாம் அங்கேயே இருந்தன. இவ்வளவையும் விட்டுவிட்டு ஒருவர் தானாக வெளியேறுவாரா?

தனக்குப் பாலியல் தொந்தரவு நடப்பதாக அவர் தாயிடம் சொல்லியிருந்தார். தாயும் சகோதரிகளும் முகாம் வாசலுக்கே போய் நின்றார்கள். தெருவில் இறங்கினார்கள். அமெரிக்கா எங்கும் இராணுவத்தில் இருந்த, இருக்கிற பெண்கள் தங்களுக்கு நடந்ததையும் சொல்லத் தொடங்கினார்கள். 69 நாட்களின் பின், ஜூன் 30ஆம் திகதி, லியோன் ஆற்றங்கரையில் அவருடைய எச்சங்கள் கிடைத்தன. காணாமல் போன அன்றே களஞ்சியத்தில் வைத்துக் கொல்லப்பட்டிருந்தார். சந்தேக நபர் அதே முகாமின் சிப்பாய். பொலிஸார் நெருங்கியபோது அவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். உடலை மறைக்க உதவிய பெண்ணுக்கு 2023இல் 30 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது.

தொந்தரவு பற்றி நம்பத்தக்க தகவல் இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். அடுத்த வருடம், 2021 ஏப்ரலில், இராணுவத்தின் விசாரணை அறிக்கையே வேறு கதை சொன்னது: மேலதிகாரி ஒருவர் அவரைத் தொந்தரவு செய்திருக்கிறார், அது பொறுப்பானவர்களின் காதுக்கும் போயிருக்கிறது, அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. கொன்றவர் வேறு ஆள், தொந்தரவு செய்தவர் வேறு ஆள். ஆனால் இரண்டும் நடந்தது முறைப்பாட்டுக்கு மதிப்பில்லாத ஒரே இடத்தில்.

மக்கள் எழுப்பிய சத்தத்தால் வெளியார் ஐவர் அடங்கிய சுயாதீன குழு ஒன்று நியமிக்கப்பட்டது. 2020 டிசம்பரில் அதன் அறிக்கை வெளியானது. 9 முடிவுகள், 70 பரிந்துரைகள். குழு தனித்தனியாகச் சந்தித்த 503 பெண்களிடமிருந்து, நம்பத்தக்க பாலியல் தாக்குதல் சம்பவங்கள் 93 தெரிய வந்தன. அவற்றில் முறைப்பாடாகப் பதிவானவை 59 மட்டும். மிச்சப் பேர் ஏன் வாய் திறக்கவில்லை? சொன்னால் தனக்கே வினையாகும் என்ற பயம்.

அறிக்கையில் இன்னொரு விசயம் இருக்கிறது. ஆசிரியர்களான எங்களுக்கு அதுதான் உறைத்தது. காலைக் கணக்கெடுப்புக்கு ஒரு சிப்பாய் வராவிட்டால் முதல் மணித்தியாலங்களில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்த முகாமில் ஒழுங்கான நடைமுறை இருக்கவில்லை. குற்ற விசாரணைப் பிரிவில் அனுபவமுள்ளவர்களும் போதாது. பிள்ளையின் கேள்விக்கு இதுதான் பதில். வேலியும் துவக்கும் வெளியாளைத் தடுக்கும். உள்ளே இருக்கிற ஒருவர் இல்லாமல் போனால் "எங்கே?" என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும்.

அறிக்கை வந்த அன்றே 14 அதிகாரிகள் பதவி நீக்கப்பட்டார்கள் அல்லது இடைநிறுத்தப்பட்டார்கள். பதிவேட்டிலும் புதிய வகை ஒன்று சேர்ந்தது. வராதவரை எடுத்த எடுப்பில் குற்றவாளியாக்கக் கூடாது. "வரவில்லை, காரணம் தெரியாது" என்று பதிந்து, 48 மணித்தியாலத்துக்குள் அவரைக் கண்டுபிடிக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும். குடும்பத்தோடு பேச வேண்டும். 2021 டிசம்பரில் வனெசாவின் பெயரால் அழைக்கப்படும் சட்ட ஏற்பாடுகள் நிறைவேறின. பாலியல் தாக்குதல் வழக்குகளைத் தொடுப்பதா இல்லையா என்ற முடிவு கட்டளை அதிகாரிகளின் கையிலிருந்து எடுக்கப்பட்டு, 2023 டிசம்பர் முதல் சுயாதீன இராணுவ வழக்குத்தொடுநர்களிடம் போனது.

முகாமின் ஒரு வாசலுக்கு வனெசாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். முகாமின் பெயரையும் 2023இல் மாற்றினார்கள், 2025இல் திரும்பவும் ஹூட் ஆக்கினார்கள். பலகையை மாற்றுவது லேசு. உள்ளே ஒரு சாதாரண சிப்பாய் பயமில்லாமல் முறைப்பாடு சொல்ல முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதை எழுதும்போது எங்கள் நெஞ்சும் குத்துகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளை மூன்று கிழமை வரவில்லை. "பொடியன் படிப்பில கவனமில்ல, ஊர் சுத்துறான்" என்று நாங்களே பேசினோம். இடைவிலகியவர் பட்டியலில் பெயரும் போகப் பார்த்தது. கடைசியில் ஒருநாள் வீட்டுக்குப் போனோம். உம்மா படுத்த படுக்கை. வாப்பா வெளிநாட்டில். பிள்ளை சோறு சமைத்துக்கொண்டு, தங்கச்சிக்குத் தலை சீவிக்கொண்டு நின்றது. எங்களைக் கண்டதும் "சேர், பெயர வெட்டிட்டீங்களா?" என்றுதான் கேட்டது.

வெட்டவில்லை. ஆனால் மனதுக்குள் எப்போதோ வெட்டியிருந்தோம்.

பாடசாலையோ, வேலைத்தளமோ, விடுதியோ, முகாமோ, ஒருவர் வரவில்லை என்றால் காரணத்தை நாமாக எழுதிவிட வேண்டாம். முதலில் "காணவில்லை" என்று எழுதுவோம். எழுதிவிட்டுத் தேடிப் போவோம்.