பெயரில்லாத செய்தி, பெயருள்ள பகிர்வாளர்: திருப்பூர் வகுப்பறைக்கான ஓர் அறவாதம்

2023 மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் பீகாரிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்ற செய்தியோடு சில காணொளிகள் பரவின. அவற்றில் இரண்டைக் குறிப்பிட்டு, அவை பொய்யாகத் திரித்துப் பரப்பப்படுகின்றன என்று அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு அறிவித்தார். ஒன்று, பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. ஆனாலும் வடமாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்யும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் அச்சம் புகுந்துவிட்டது. ஹோலிக்காக ரயிலேறியவர்களைக்கூட உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்களாகக் காட்டினார்கள். நிலைமையை நேரில் அறிய பீகார் அரசு நால்வர் குழுவை அனுப்ப வேண்டியிருந்தது.

இணைய அறம் பற்றி மாணவர்கள் குழுவாக விவாதிக்கும்போது, ‘பெயரை மறைத்து எழுதலாமா?’ என்ற கேள்விதான் பெரும்பாலும் முன்வருகிறது. திருப்பூர் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி போதாது.

முகமூடியைக் கழற்றிவிட்டால் வதந்தி நின்றுவிடும் என்ற வாதம் தமிழ்நாட்டிலேயே நீதிமன்றம் ஏறியது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கு, செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிவது பற்றியதாக விரிந்தது. சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி அதற்கொரு தொழில்நுட்ப வழியையும் முன்வைத்தார். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில், அப்படி முதலில் அனுப்பியவரைக் கண்டறிய வழிசெய்யும் கடமை இடம்பிடித்துவிட்டது.

இதனால் முதலில் அடிபடப்போவது யார்? மில் விடுதியில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். கூலி, சாப்பாடு, படுக்கை மூன்றும் ஒரே முதலாளியின் கையில். சுமங்கலித் திட்டம் போன்ற ஏற்பாடுகளில், மொத்தத் தொகை ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகே கைக்கு வரும். மேற்பார்வையாளரின் பாலியல் தொல்லையைப் பற்றி, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தில் புகார் தந்தால், பெயர் தெரிந்துவிடும். பெயரைச் சொல்லாமல் தோழிகளிடமோ தொழிற்சங்கத்திடமோ பேச முடிவது அவளுக்கு ஒரே பாதுகாப்பாக இருக்கலாம். அதைப் பறிப்பது அநியாயம்.

உண்மையில் 2023 மார்ச் வதந்தி கடந்துவந்த வழியில் பெரும்பாலோர் பெயருள்ளவர்களே. அண்ணன் தம்பிக்கு அனுப்பினார்; நண்பர் ஊர்க் குழுவில் போட்டார். இந்த விவகாரத்தில் வழக்கைச் சந்தித்த ஒரு வழக்கறிஞர், ஏற்கெனவே வெளிவந்ததைத்தான் பகிர்ந்தேன் என்று வாதாடினார். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது.

அச்சத்தில், பாசத்தில் பகிர்ந்தவரையும் குற்றவாளி என்பதா? மாணவர்கள் மோத வேண்டிய சிக்கல் இதுதான். செய்தி மெய்யானால், சொல்லாமல் விட்டது உயிரைப் பறிக்கலாம். பொய்யானால், சொன்னது ஊரையே கலைக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. தம்பி திருப்பூரில் இருந்தால் அவனையே அழைத்துக் கேட்கலாம். காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அடிப்பவர்கள் எந்த மொழியில் கத்துகிறார்கள், கடைப் பலகையில் என்ன எழுத்து இருக்கிறது என்று கவனிக்கலாம். அந்தச் சில நிமிடங்களைச் செலவிடாததே பகிர்ந்தவரின் பிழை.

சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரியும் திருப்பூரிலேயே இருக்கின்றன. வெளிநாட்டுப் பாடநூல் உதாரணங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, 2023 மார்ச்சை மாணவர்கள் முன் வையுங்கள். இந்தி பேசும் தொழிலாளர்களையும் அந்த விவாத வட்டத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள்.