மங்கிய ஒளியும் பழகிய கண்ணும்

குனோங் ராபாட் வட்டாரத்து மூத்தவர்களுக்குப் பால்மரக் காடு நினைவிருக்கும். இருட்டோடு எழுந்து, பிரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நம் பெற்றோர் நிரைக்குள் இறங்குவார்கள். நூற்றுக்கணக்கான மரங்களில் ஒவ்வொன்றும் அவர்களுக்கு அடையாளம் தெரியும். ஒரு பட்டையில் புதிதாகப் புண் கண்டால், அரை இருட்டிலும் கண் அங்கே நின்றுவிடும். அத்தகைய பழகிய கண்ணுக்கு வானியல் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. அதையே இன்று காண்போம்.

டிசம்பர் மாதத்தில், மழை ஓய்ந்து வானம் தெளிந்த ஓர் இரவில், எட்டரை மணி வாக்கில் வடக்கே அண்ணாந்து பாருங்கள். ஊர் விளக்குகள் எட்டாத இடமாக இருந்தால், ஆண்ட்ரோமெடா என்ற பகுதியில் சிறு பஞ்சுத் துணுக்கைப் போல ஒன்று தென்படும். 964-ஆம் ஆண்டில் பாரசீக அறிஞர் அல் சூஃபி அதைச் சிறு மேகம் என்று குறித்தார். 1612-இல் ஜெர்மானியரான சைமன் மாரியஸ் தொலைநோக்கியால் பார்த்தார். அப்போதும் மங்கலாகவே தெரிந்தது. 1923-இல் அமெரிக்கரான எட்வின் ஹபிள் அதனுள் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டார். அதைக்கொண்டு தூரத்தைக் கணக்கிட்டபோது, அது மேகமன்று, நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள தனி விண்மீன் மண்டலம் என்பது தெளிவாயிற்று. அதன் தூரம் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு.

மற்ற மண்டலங்களில் பெரும்பாலானவை இதைவிட மங்கியவை. சிறிய தொலைநோக்கியில் அவை வெறும் புகைத்திட்டாகவே தெரியும். அவற்றைக் காண ஒரு முறை உண்டு. அரை மணி நேரம் இருட்டில் இருந்து கண்ணைப் பழக்க வேண்டும். பிறகு நேராக நோக்காமல் சற்றுப் பக்கவாட்டில் நோக்க வேண்டும். மங்கிய ஒளியைக் கண்ணின் ஓரப்பகுதியே நன்கு உணரும்.

"இதைப் பார்த்து என்ன பயன்?" என்று கேட்கலாம். பெரிய விண்மீன்கள் சில, முடிவில் வெடித்துச் சிதறும். ஒரு மண்டலத்தில் இது நூறு ஆண்டுகளில் ஓரிரு முறையே நிகழும். ஆகவே பல மண்டலங்களை அடிக்கடி பார்த்துவர வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் ராபர்ட் எவன்ஸ் என்ற பாதிரியார் அதைச் செய்தார். பகலில் திருச்சபைப் பணி, இரவில் வீட்டு முற்றத்தில் 10 அங்குலத் தொலைநோக்கி. ஒவ்வொரு மண்டலத்தின் தோற்றத்தையும் மனத்தில் பதித்திருந்தார். புதிதாக ஒரு புள்ளி தோன்றினால் உடனே அறிந்துகொள்வார். நெடுங்காலத் தேடலுக்குப் பின், 1981-இல் ஒரே ஆண்டில் இரண்டைக் கண்டார். 1983-இல் அவர் கண்ட ஒன்று, வெடிக்கும் விண்மீன்களில் புதியதொரு வகையை அறிஞர்கள் பிரித்தறியத் துணைசெய்தது. 2022-இல் மறைந்த அவர், கண்ணால் பார்த்தே 40-க்கும் மேற்பட்டவற்றைக் கண்டுபிடித்திருந்தார்.

நிரையில் மரத்தை அறிந்த கண்ணும் இதே வகைதானே?

இந்தியாவிலும் இப்படி ஒருவர் இருந்தார். அவர் பார்த்தவை மண்டலங்களல்ல, ஒளி மாறும் விண்மீன்கள். 1878-இல் வங்காளத்தில் பிறந்த ராதாகோவிந்த சந்திரர் பள்ளி இறுதித் தேர்வில் மூன்று முறை தவறியவர். யசோரில் அரசுக் கருவூலத்தில் நாணயங்களைச் சோதிக்கும் வேலை பார்த்தார். 1912-இல் 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். அவருடைய குறிப்புகளை மதித்து, அமெரிக்க விண்மீன் ஆர்வலர் சங்கம் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பிவைத்தது. 37,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை அவர் அச்சங்கத்திற்கு அனுப்பினார். அந்தத் தொலைநோக்கி பிற்காலத்தில் வானியலறிஞர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, தமிழ்நாட்டில் ஜவ்வாது மலைமேல் உள்ள காவலூர் வானாய்வகத்தைச் சென்றடைந்தது.

தேர்வில் தவறியவருடைய தொலைநோக்கிக்கு வானாய்வகத்தில் இடம் கிடைத்தது. நம் வீடுகளிலும் தேர்வில் தவறிய பிள்ளைகள் உண்டு. "இவன் எதற்கும் உதவான்" என்று நாமே சொல்லிவிடுகிறோம். ஆசிரியர்களாகிய நாமும் சொல்லியிருக்கிறோம். மதிப்பெண் ஏடு ஒரு பிள்ளையின் கண்ணையும் பொறுமையையும் அளப்பதில்லை.

இன்று ஈப்போவின் விளக்கொளி குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு மேலும் பரவி நிற்கிறது. ஆகவே அடுத்த முறை இருண்ட ஊர்ப்புறத்துக்குப் போகும்போது, பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று அந்தச் சிறு பஞ்சுத் துணுக்கைத் தேடச் சொல்லுங்கள். பாட்டியையும் உடன் அழையுங்கள். முதலில் கண்டுபிடிப்பவர் அவராகவும் இருக்கலாம்.